கடிக்குமா?

எங்கே போனாலும் முதல் கேள்வி அதுதான். கடிக்குமா?

நாலு கால் உண்டு. முட்டி மடங்கும். ஒரு வெள்ளாட்டுக்குட்டி உயரம் இருக்கும். தலை கிடையாது, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடிப் பட்டை, அவ்வளவுதான். வாய் இல்லை, பல் இல்லை, வாலும் இல்லை. வாயே இல்லாதது எதை வைத்துக் கடிக்கும் என்று ஒரு ஆளாவது யோசிக்க வேண்டாமா? படித்தவர், படிக்காதவர், சுற்றுலா வந்தவர், எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டு அதையேதான் கேட்டார்கள். முதல் வாரம் பொறுமையாகப் பதில் சொன்னேன். "கடிக்காதுங்க, மெஷினுங்க." இரண்டாவது வாரம் எரிச்சல் வந்துவிட்டது. எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும். தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுக்கிறவனுக்கு வேறு என்ன வரும் என்பார் என் அண்ணி.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஊர் எலப்புள்ளிப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. காடு தோட்டம் பார்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க யாருக்கும் மனசில்லை என்று ஆகி வெகு காலமாகிறது, ஊருக்கு நாலைந்து பேர் என்னைப் போல் நரைத்துக்கொண்டிருக்கிறோம். நான் புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்து எருதுகளை விற்றுவிட்டுக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு மெஷின் ரிப்பேர் வேலைக்குப் போனேன். அப்புறம் பெண் வீட்டார், வேலை நிரந்தரமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்றேன். அந்தப் பேச்சும் அதோடு நின்றது. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தேன்.

அந்தக் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். இந்த நாலுகால் மெஷின்களை வாடகைக்கு விடும் இன்னொரு இடத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மெஷினோடு கூடவே நடக்கிற ஆள் வேண்டுமாம். மேடு பள்ளத்தில் நடக்க வேண்டும், நட்டு போல்ட் தெரிய வேண்டும், தமிழும் மலையாளமும் பேச வேண்டும், வீட்டை விட்டு மாதக்கணக்கில் வெளியே இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் அவர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டான். கிளம்புகிற அன்று அண்ணி வாசலுக்கு வந்தார். எத்தனை நாளாகும், எங்கே சாப்பிடுவாய் என்று ஏதாவது கேட்பார் என்று நின்றேன். "தம்பி, ரூம்பு சாவிய ஆருகிட்டக் குடுத்துட்டுப் போறீங்க?" என்றார். அவரிடமே கொடுத்தேன்.

போன இடம் பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். தொழிலாளர் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும், அதை அங்கே லயம் என்பார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் லயத்துக்கு மேலே இருக்கும் சரிவில் ஒரு விரிசல் விட்டிருந்தது. விரிசல் ஓரமாகக் குச்சிகள் நட்டு எண் போட்டிருந்தார்கள். மெஷின் தினமும் காலையில் அந்தக் குச்சிகளை ஒட்டி நடந்து படம் எடுக்க வேண்டும். விரிசல் அகலமாகிறதா என்று கம்பெனியில் பார்த்துச் சொல்வார்கள். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். இதற்கு ஒரு ஆளும் ஒரு அளவுகோலும் போதாதா என்று சின்ன துரையிடமே கேட்டேன். மேனேஜருக்கு அடுத்தவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், இன்றைக்கும். "ஆள் சறுக்கி விழுந்தா கேஸு, மெஷின் விழுந்தா ரிப்பேரு" என்றார். அதே சரிவில் அதற்குப் பின்னால் நானும்தானே போகிறேன் என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறது. மெஷினை நடத்திக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஏறினேன். கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆத்தாடி! ஏட்டி, தலையில்லாம ஒண்ணு வருதுட்டி!"

கத்திரியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இருவர் தேயிலைச் செடிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் அசையாமல் நின்று தூ தூ என்று மூன்று முறை துப்பினாள். லயத்து நாய்கள் எல்லாம் ஒன்றுகூடிக் குரைத்தன. அவற்றின் கதையையும் சொல்ல வேண்டும்: முதல் நாள் குரைத்தன, மறுநாள் பின்னால் வந்து மோந்து பார்த்தன, மூன்றாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதில் ஒன்றும் இல்லை என்று நாய்களுக்கு மூன்றே நாளில் தெரிந்துவிட்டது.

மனிதர்கள் நேரெதிராகப் போனார்கள். முதலில் பயந்தார்கள், பிறகு கிட்ட வந்தார்கள், அதற்குப் பிறகு அது உயிருள்ளது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மெஷின்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் பாறையில் கால் வழுக்கி அது தடுமாறினால் "அய்யோ, பாத்து பாத்து" என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். படி ஏறி முடித்ததும் "அப்பாடா" என்றார்கள். டீக்கடைக்காரர் ஒரு நாள் அதற்கு முன்னால் பிஸ்கட் வைத்தார். அது தாண்டிப் போய்விட்டது. "சங்கோசப்படுது" என்றார்.

ஒரு நாள் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன் ஒருவன், விழாதாமே பார்ப்போம் என்று அதன் விலாவில் காலால் ஒரு உதை விட்டான். அது நாலு காலையும் அப்படி இப்படி மாற்றி வைத்து, ஆடி, நின்றுகொண்டது. ஜீப்பில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேலே கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு வந்ததே கோபம்!

"பாவிப்பய, வாயில்லா சீவனப் போட்டு மிதிக்கான் பாரு! வெளங்குவானா அவன்?"

அவன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டான். நானும் அவனைத் திட்டினேன், வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். பிறகு யோசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கஞ்சிக்கோட்டில் ஒரு சூப்பர்வைசர் என்னைப் பிடித்துத் தள்ளியபோது நான் இந்த அளவுக்குப் பேசவில்லை.

அதற்கு என்ன பேர் என்று எல்லோரும் கேட்டார்கள். பேர் இல்லை, நம்பர்தான் என்றேன். அப்படி எப்படி இருக்கும் என்று லயத்தில் ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். என் பேரை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு நாய், நான் நாய்க்காரர். டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் உட்கார்ந்தேன். "நாய்க்காரரே, இன்னைக்கு அது வரலியா?" என்றார் கடைக்காரர். லீவு என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஊரில் இருக்கும்போது, இன்னும் கல்யாணம் ஆகலையா, ஏன் ஆகலை என்று யாராவது கேட்டால் அவர்களைக் கடித்துக் குதறுவேன். இங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் பிடிக்கவில்லை. என்ன ஜென்மமோ.

எங்களுக்கு, அதாவது எனக்கும் மெஷினுக்கும், லயத்தின் கடைசியில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டைக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என் வயது இருக்கலாம், ஒன்றிரண்டு குறைவாகவும் இருக்கலாம். கணவன் இறந்துவிட்டான். மகள் வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வந்த பத்தாம் நாளோ என்னவோ, சரிவிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து வெட்டும் பெண்கள் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருப்பார்கள். அவள் அதை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து மெஷின் மேல் போர்த்தினாள்.

"நனையுதே, பாத்துக்கிட்டே வாறீங்களே" என்று என்னைத் திட்டினாள்.

நான் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றேன். அது மழையில் நனையும்படி செய்யப்பட்ட மெஷின்தான். அதைச் சொல்லவில்லை. அவள் மறுபடியும் இரண்டு வார்த்தை திட்டட்டும் என்று இருந்தது.

அதற்குப் பிறகு வேலை முடிந்து சாயங்காலம் வருவாள். நான் மெஷினை வாசலில் நிறுத்திச் சார்ஜ் போட்டிருப்பேன். படியில் உட்கார்ந்து, "சாப்பிடுதா?" என்பாள். சார்ஜ் ஏறுவதை அப்படித்தான் சொல்வாள். ஆமாங்க என்பேன். பிறகு அதனிடம் பேச ஆரம்பிப்பாள். மேஸ்திரி சொன்னது, மகள் போனில் சொன்னது, ரேஷன் கடையில் நடந்தது. நான் உள்ளே அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவள் கதை எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. அந்த வீடு கணவன் பேரில் கிடைத்த வீடு. அவன் நிரந்தரத் தொழிலாளி. அவன் போன பிறகு அவளை டெம்பரவரியாக எடுத்திருந்தார்கள். நிரந்தரம் ஆனால் வீடு அவளுக்கே; ஆகாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். ஆயுத பூஜை கழிந்ததும் லிஸ்ட் வரும், அதில் தன் பேர் இருக்கிறது என்று ஆபீஸிலிருந்து யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இங்க பாரு," என்றாள் மெஷினிடம், "லிஸ்ட்ல மட்டும் எம் பேரு வரட்டும், ஒனக்குக் கேசரி கிண்டித் தாரேன். நீ தின்னாட்டாப் போ. ஒனக்கு முன்னால வச்சிட்டு நானே தின்னுக்கிடுதேன்."

என் முன்னால்தான் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அந்த மெஷின்மேல் பொறாமை வந்தது. சொன்னால் சிரிப்பார்கள், வந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் அதை விட்டு என்னிடம் கேட்டாள். "நெசமாவே இதுக்கு வலிக்காதா நாய்க்காரரே?"

"வலிக்காதுங்க."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சம்பந்தமே இல்லாமல் எங்கள் எருதைப் பற்றிச் சொன்னேன். "எங்க ஊட்டுல ஒரு எருது இருந்துச்சுங்க. மாட்டுப் பொங்கலுக்கு நெத்தியில சந்தனம் குங்குமம் வெச்சமுன்னா, வெச்சு முடிக்கிற வரைக்கும் கண்ண மூடிட்டே நிக்குமுங்க."

"கும்பிடுற மாதிரியா?"

"ஆமாங்க, அப்படித்தானுங்க."

"எதுக்கெடுத்தாலும் ஒரு ங்க" என்று சிரித்தாள். எருதை விற்றீர்களா என்று கேட்டாள். விற்றேன் என்றேன். விற்ற அன்று சோறு இறங்கவில்லை என்றும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. அவள் மெஷின் முதுகை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்து போனாள். அன்று ராத்திரிச் சோறு ருசித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆயுத பூஜை அன்று எஸ்டேட்டே கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. டீ பாக்டரியில் மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டினார்கள். லயத்தில் கொழுந்து வெட்டும் கத்திரிகளைக் கழுவி, வரிசையாகப் பாய்மேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் பொரிகடலை படைத்தார்கள். வைத்தால் மறுநாள் காலை பூஜை எடுக்கும்வரை ஒருவரும் கத்திரியைத் தொடக் கூடாது. சாயங்காலம் அவள் தட்டோடு என் வாசலுக்கு வந்தாள். மெஷின் நின்றுகொண்டிருந்தது. நான் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், படியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்க எருதுக்கு வச்ச மாதிரி இதுக்கும் வச்சிருவோமா?" என்றாள்.

நெற்றி என்று அதற்கு இருந்தது அந்தக் கண்ணாடிப் பட்டைதான். பட்டைக்குப் பின்னால்தான் அதன் பார்வை முழுவதும் இருந்தது. அதன்மேல் விரல்கூடப் படக் கூடாது என்று கம்பெனியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நானும் லயத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வேண்டாங்க, முதுகில் வையுங்க என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. நான் எப்போதோ சொன்ன எருதை ஒரு மனுஷி மனதில் வைத்திருக்கிறாள். அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. "வெய்யுங்க" என்றேன். சந்தனத்தைக் குழைத்துக் கண்ணாடிக்கு நடுவில் அகலமாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"கண்ண மூட மாட்டேங்குது" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு தட்டை என்னிடம் நீட்டினாள். நானும் எடுத்து வைத்துக்கொண்டேன். "காலையில பூஜை எடுத்த பொறவு அழிச்சிக்கிடலாம். அதுவரைக்கும் தொடாதீங்க, என்ன?"

"சரிங்க" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கம்பெனியிலிருந்து போன். இன்ஜினியர், என் அண்ணன் மகன் வயதுப் பையன். பெரிய மழை வரப்போகிறது, அதற்கு முன் விரிசலைப் படம் எடுத்தே ஆக வேண்டும், உடனே ஏறுங்கள் என்று மலையாளத்தில் சொன்னார். பூஜை எடுக்க ஒன்பது மணியாகும். துணியை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சந்தனம் காய்ந்திருந்தது. அவள் விரலை இழுத்த வரி அதில் அப்படியே இருந்தது. பூஜைக்கு முன் அழிக்கக் கூடாது என்றாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எனக்கு அழிக்க மனசு வரவில்லை. ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் வேறு கண்கள் இருக்கின்றன, சமாளித்துக்கொள்ளும் என்று கிளம்பிவிட்டேன்.

பாதித் தூரம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு தூறல் விழுந்தது. சந்தனம் கரைந்து கண்ணாடி முழுவதும் வழிந்ததை நான் பார்க்கவில்லை. நான் பின்னால் அல்லவா போகிறேன். வழியோரக் கல்கட்டு திரும்பும் இடத்தில் அது திரும்பவில்லை. முன்காலை எடுத்து வெறும் காற்றில் வைத்தது. ரிமோட்டை அழுத்தினேன், கத்தினேன், அதற்குள் போய்விட்டது. கீழே ஓடைப் பாறையில் விழுந்த சத்தம் கேட்டது. விழுந்த பிறகும் மூன்று கால்கள் நடந்துகொண்டிருந்தன.

லயத்து ஆண்கள் கயிறு போட்டுத் தூக்கினார்கள். பெண்கள் சிலர் அழுதார்கள். அவள் அழவில்லை, கண்ணாடியில் வழிந்திருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பதற்றத்தில் இருந்தபடியே படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

கண்ணாடியில் என்ன மஞ்சள் என்று இன்ஜினியர் கேட்டார். சந்தனம் என்றேன். யார் வைத்தது என்று கேட்டார்.

"லயத்துல பூஜை வெச்சாங்க சார்."

அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்.

அந்த ஒரு நொடியில் என்னென்ன ஓடியது என்று சொல்ல முடியும். இந்த வேலையும் போய் அண்ணன் வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்பது. அண்ணி சாவியைத் தேடி எடுத்துக் கொடுப்பது. நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு கம்பெனி கேட்டில் போய் வேலை இருக்கிறதா என்று கேட்பது.

"நான் அங்க இல்லீங்க சார். டீ குடிக்கப் போயிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னேன். கம்பெனி எஸ்டேட்டுக்கு எழுதியது. எஸ்டேட் ஆபீஸில் லயத்துப் பெண்களை வரிசையாக நிற்க வைத்து யார் என்று கேட்டார்கள். நாந்தான் என்று அவள் முன்னால் வந்தாளாம். மேஸ்திரிதான் மறுநாள் எனக்குச் சொன்னார்.

"மெஷின்காரரு அங்க இல்லவே இல்லைன்னு கம்பெனியில எழுதியிருக்காங்க, அவரு இல்லாத நேரம் பாத்து ஏன் தொட்டேன்னு சின்ன தொரை கேட்டாரு. அந்தப் புள்ள, அவரு இல்லைன்னு சொன்னா இல்லதான்னு சொல்லிட்டு வந்திருச்சு."

மேஸ்திரிக்கு விஷயம் தெரியும் என்று அவர் பார்வையிலேயே தெரிந்தது. லயத்தில் சுவர்கள் ஒட்டியவை. நாங்கள் சிரித்தது எத்தனை வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை நான் ஆபீஸுக்குப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிடத்தான் போனேன். படி ஏறும்போதே வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்: நானும் அங்கதானுங்க இருந்தேன், நாந்தானுங்க வெய்யச் சொன்னேன். சின்ன துரை ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, ஜீப்பா? மெஷின ஏத்தணுமா?"

"ஆமாங்க" என்றேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரும்."

சரிங்க என்று இறங்கி வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் லிஸ்ட்டை, காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் ஷெட்டில் ஒட்டினார்கள். அதில் அவள் பேர் இல்லை. ராத்திரி பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டும் சத்தம் கேட்டது. யாரோ எங்கே போகிறாய் என்று கேட்டதற்குத் தென்காசிப் பக்கம் தங்கச்சி வீடு இருக்கிறது என்று சொன்னாள். என் வாசல் படியில் யாரும் வந்து உட்காரவில்லை. சார்ஜ் போடுவதற்கும் ஒன்றும் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. சோறு வடித்தேன், தின்ன முடியாமல் அப்படியே கொட்டினேன்.

காலையில் மெஷினை மரப்பெட்டியில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். வழியனுப்ப லயமே வந்திருந்தது. எனக்கில்லை. பெட்டியைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள். டீக்கடைக்காரர் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பெட்டிமேல் வைத்தார். எல்லோரும் கலைந்த பிறகு அவள் வந்தாள். பெட்டியின் பலகை இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள்.

"சரியாயிருமா?"

"ஆயிருமுங்க. காலு மட்டுந்தான் போயிருக்குது. புதுசு போட்டுருவாங்க."

தலையை ஆட்டினாள். இப்போதாவது சொல்லிவிடு, மன்னிப்பாவது கேள் என்று எனக்குள்ளே அடித்துக்கொண்டது. பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அவள் பெட்டிமேல் கையை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை மாதத்தில் என் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதுக்குத்தான் வாயில்ல" என்றாள். "ஒங்களுக்கு என்ன?"

கையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள். மலை இறங்கும்வரை டிரைவர் பாட்டுப் போட்டுக்கொண்டே வந்தான்.

வேலை எனக்குப் போகவில்லை. நான் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. மெஷினுக்குப் புதுக் கால்கள் போட்டார்கள், கண்ணாடி மாற்றினார்கள், அதே மெஷினை மறுபடியும் என்னிடமே கொடுத்தார்கள். இப்போது கோவிந்தாபுரத்துப் பக்கம் ஒரு சோலார் தகடு போட்ட காட்டில் தினமும் அதை நடத்திக்கொண்டு போகிறேன். அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மேஸ்திரியின் நம்பர் போனில் இருக்கிறது. கேட்டதில்லை. அவள் பேர் என்ன என்று ஒரு நாளும் நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது இந்தப் பக்கம் வந்த பிறகுதான் உறைத்தது. என் பேரைக் கேட்கவில்லை என்று லயத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். மெஷினைப் பார்த்ததும் ஆடுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, கடிக்குங்களா?"

எரிச்சல் வரவில்லை.

"அது கடிக்காதுங்க" என்றேன்.